ஐந்தாம் வார்த்தையும் ஒரு வார்ப்புக் கஞ்சியும்

எங்கள் சபையில் பெரிய வெள்ளிக்கிழமை பேசுவதற்கு ஆள் தேர்ந்தெடுப்பது, தேர்தலுக்கு வேட்பாளர் அறிவிப்பதைவிடச் சிக்கலான காரியம். நண்பகலில் தொடங்கி மூன்று மணிக்கு முடிகிற தியான ஆராதனை அது. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் பேச வேண்டும். முதல் வார்த்தை மன்னிப்பைப் பற்றியது. அதைச் சபையில் நாலு பேர் மதிக்கிற ஒருவர் எடுத்துக்கொள்வார். இரண்டாவது, பக்கத்தில் தொங்கிய கள்ளனுக்குச் சொன்னது. கதை சொல்லத் தெரிந்தவருக்குப் போகும். மூன்றாவது தாயைப் பற்றியது என்பதால் கண்ணீர் வரவழைக்கத் தெரிந்தவருக்கு. ஐந்தாவது வார்த்தை தாகம். அது வருகிற நேரத்தில் மணி இரண்டு ஆகியிருக்கும். காலையிலிருந்து உபவாசம் இருக்கிற சனம் அரைக்கண் மூடிக் கிடக்கும். வெளியே கஞ்சி கொதிக்கிற வாசனை சன்னல் வழியாக உள்ளே வரும். யாரும் விரும்பிக் கேட்டு வாங்காத வார்த்தை அது.

போன வருடம், லெந்து என்று நாங்கள் சொல்கிற தவக்காலத்தில், அதை எனக்குக் கொடுத்தார்கள்.

ஒரு வார்த்தையாவது பெண்ணுக்குக் கொடுங்கள் என்று எங்கள் பெண்கள் சங்கம் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வருடமும் கமிட்டி அதைப் பரிசீலித்தது. பரிசீலித்தது என்றால், டீ குடித்துவிட்டு எழுந்து போனார்கள் என்று அர்த்தம். புதிதாக வந்த போதகர் வயது குறைந்தவர், ஆனால் பிடித்த பிடியை விடாதவர். அவர்தான் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். பெண் என்றால் மூன்றாவது வார்த்தைதான் வரும் என்று நான் மனதுக்குள் தயாராகவே இருந்தேன். கமிட்டிக்காரர்கள் அதை விட்டுத் தரவில்லை.

புதுக்கடை சந்தைப் பக்கம் போய்விட்டு வருகிற வழியில் போதகர் வீட்டுக்கு வந்து செய்தி சொன்னார். "டீச்சர், அஞ்சாவது வார்த்தை உங்களுக்கு. தாகம்."

நான் வாய் திறப்பதற்குள், நாற்காலியில் சாய்ந்து கிடந்த என் கணவர் சொன்னார்: "கொள்ளாம் போதகரே. சரியான ஆளுக்குத்தான் குடுத்திருக்கு."

போதகர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் தாகத்துக்குக் காவல்காரி நான்தான்.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதை நிறுத்திவிட்டன. வாரத்தில் மூன்று நாள் நாகர்கோவிலுக்குப் போய் டயாலிசிஸ் செய்கிறோம். இதைப் பற்றித் தெரியாதவர்கள், பாவம், ஊசி குத்துவார்களே, வலிக்குமே என்று வருத்தப்படுவார்கள். ஊசி ஒன்றும் பெரிதில்லை. குடிக்கிற தண்ணீர் உடம்பை விட்டு வெளியே போக வழி இல்லை, அதுதான் விஷயம். கூடக் குடித்தால் கால் வீங்கும், நெஞ்சில் நீர் கோக்கும், மூச்சு முட்டும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில், அவ்வளவுதான். மாத்திரை விழுங்குவதும் அதில்தான், காப்பியும் ரசமும் அந்தக் கணக்கில்தான். பொட்டாசியம் ஏறிவிடும் என்பதால் இளநீர் கூடாது. நேந்திரம்பழம் கூடாது. மரச்சீனிக் கிழங்கை இரண்டு தடவை வேகவைத்து வடித்துத் தந்தால் சக்கை மாதிரி இருக்கும். இந்த ஊரில் பிறந்த ஒரு மனுஷனிடம் இதையெல்லாம் கூடாது என்று சொன்னால், பிறகு என்னதான் மிச்சம்?

காலையில் அந்த பாட்டிலை நிரப்பி மேசையில் வைப்பது நான். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று போகும்போதும் வரும்போதும் பார்ப்பதும் நான். குளியலறையில் குழாய்ச் சத்தம் கொஞ்சம் நீண்டால், "என்ன செய்யிய?" என்று வெளியிலிருந்து கேட்பேன். "வாய் கொப்பளிக்கேன்" என்று பதில் வரும். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பிள்ளைகளைப் பார்த்தவள் நான். கொப்பளிக்கிற சத்தத்துக்கும் விழுங்குகிற மௌனத்துக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். அப்படியும் தப்பிப் போனால் ஆஸ்பத்திரியில் எடை பார்க்கிற மெஷின் காட்டிக் கொடுத்துவிடும். தண்ணீரை வெள்ளம் என்கிற எங்கள் ஊர்ப் பேச்சில் நர்ஸ் பிள்ளை, "அப்பா, இந்தத் தடவ வெள்ளம் கூடிப்போச்சே" என்று சொல்லும்போது அவர் அந்தப் பிள்ளையைப் பார்க்க மாட்டார், என்னைத்தான் பார்ப்பார்.

மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை நடக்கிற நாட்களில், ஆஸ்பத்திரிக்குப் போகிற எங்கள் பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. இருமுடி கட்டிய பெண்கள் கூட்டம் கூட்டமாக ஏறுவார்கள். ஒரு நாள் அப்படி வந்த ஒரு அம்மாள் இவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தார். பிறகு பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். "குடிங்க அண்ணாச்சி, வெயில்ல வாடிப் போயிருக்கிய." நான் பாய்ந்து தடுப்பதற்குள் இவர் அதை வாங்கிவிட்டார். ஆனால் மூடியைத் திறக்கவில்லை. குளிர்ந்திருந்த பாட்டிலை இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு கன்னத்தில் ஒரு தடவை ஒற்றிவிட்டு, "போதும் தங்கச்சி, நல்லா இருக்கணும்" என்று திருப்பிக் கொடுத்தார். அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு அவர் குடிக்காததில் நிம்மதி, வேறு எதுவும் தோன்றவில்லை.

எங்கள் இருவருடைய பக்தியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் கோயிலில் முன்வரிசை. பெண்கள் சங்கத்தில் ஜெபம் செய்யச் சொன்னால் எழுந்த இடத்தில் நின்று, குடும்பம், ஊர், தேசம், கடலில் போகிறவர்கள், வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் என்று ஒருவரையும் விடாமல் முடிப்பேன். அவர் ஆராதனை நேரத்தில் வெளியே மாமரத்தடியில் நிற்கிற கட்சி. "மைக்குல நல்லா கேக்குது, பிறகு என்னத்துக்கு உள்ள போய் நெருக்கணும்?" என்பார். சத்தமாக ஒரு ஜெபம் செய்து நான் கேட்டதில்லை. கல்யாண வீடுகளுக்குப் பாத்திரமும் பந்தல் சாமானும் வாடகைக்குக் கொடுக்கிற கடை வைத்திருந்தவர். ஆகவே சபையில் அவருக்கு இருந்த ஒரே பதவி பெரிய வெள்ளிக்கிழமைக் கஞ்சி. காலையிலேயே கடையிலிருந்து பெரிய வெண்கல வார்ப்புப் பாத்திரத்தைக் கொண்டுவந்து அடுப்பில் ஏற்றுவார். உள்ளே நாங்கள் ஏழு வார்த்தைகளையும் கேட்டு முடிக்கும்போது வெளியே சம்பா அரிசிக் கஞ்சியும் பயறும் துவையலும் தயாராக இருக்கும்.

போன வருடம் லெந்து நாட்களுக்குப் போதகர் எடுத்துக்கொண்ட பொருள் வளர்ச்சி. கிறிஸ்துவுக்குள் குழந்தைகளாகவே இருந்துவிடாமல் முதிர்ந்தவர்களாக வேண்டும் என்பது. தினமும் சாயங்காலம் ஒரு வீட்டில் ஜெபம். ஒவ்வொரு வீட்டிலும், "ஆண்டவரே, எங்களை வளரப் பண்ணும்" என்று கேட்டோம். கேட்டுவிட்டு டீயும் வடையும் சாப்பிட்டு வீட்டுக்குப் போனோம். தோட்டத்தில் ஒரு வாழைக்கன்று வைத்தால் காலையில் போய் எத்தனை இலை விட்டிருக்கிறது என்று பார்க்கிறோம். நம்முடைய வளர்ச்சியை யார் பார்க்கிறார்கள்? ஆனால் டீச்சர் புத்தி போகுமா? நான் என் மனதுக்குள் வகுப்புப் பிரித்து வைத்திருந்தேன். என்னை மேல் வகுப்பில் உட்கார்த்தியிருந்தேன். அவர் ஒன்றாம் வகுப்பில் வருடா வருடம் தோற்றுக்கொண்டிருந்தார். அவருக்கு உடம்பு சுகமில்லாமல் போனபிறகு, இனியாவது உள்ளே வந்து உட்காருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மாமரத்தடிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டார்.

எங்கள் வீட்டு முறை வந்த அன்றைக்கு நல்ல கூட்டம். ஜெபம் முடிந்ததும் நான் அடுக்களையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்திருந்த மருமகள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்து, "மாமா வாங்கிட்டாவ" என்றாள். எட்டிப் பார்த்தேன். வீங்கிய காலோடு இவர்தான் ஆளாளுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தார். கொடுத்துவிட்டு நகர்ந்தால் பரவாயில்லை. அவர்கள் வாயில் வைத்து உறிஞ்சுகிறவரை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சூடு சரியா இருக்கா? இன்னும் கொஞ்சம் விடட்டா?" என்று கேட்டார். குடித்து முடித்தவர்களை விடாமல் இரண்டாம் தடவையும் ஊற்றினார்.

எல்லோரும் போனபிறகு நான் பிடித்துக்கொண்டேன். "ஆளுவ குடிக்கியத வாயப் பாத்துட்டு நிக்கியளே, அவிய என்ன நினைப்பாவ?"

"என்ன நினைப்பாவ? டீ நல்லா இருக்குன்னு நினைப்பாவ."

"உங்க நல்லதுக்குத்தான் சொல்லுகேன். பாக்கப் பாக்கத் தாகம் கூடத்தான செய்யும்?"

அவர் தம்ளர்களைப் பொறுக்கத் தொடங்கினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் இந்த வீட்டில் அவருக்காக எவ்வளவு பார்த்துப் பார்த்து நடக்கிறேன். அவருக்கு வியாதி வந்த நாளிலிருந்து அவர் கண்முன்னால் நான் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்ததில்லை. அடுக்களையில் முதுகைத் திருப்பிக்கொண்டு குடிப்பேன். இல்லையென்றால் பின்பக்கம் கிணற்றடிக்குப் போய்விடுவேன். சாப்பிடும்போது எனக்குத் தம்ளர் வைப்பதையே விட்டுவிட்டேன். விக்கினால்கூட எழுந்து உள்ளே ஓடுவேன். இதை நான் அவரிடம் சொன்னதில்லை. ஆண்டவரிடம் மட்டும் அவ்வப்போது ஞாபகப்படுத்தி வைப்பேன்.

இந்த நிலையில்தான் ஐந்தாம் வார்த்தைக்கு எழுத உட்கார்ந்தேன். ஐந்தாம் வார்த்தைக்கு என்ன பேச வேண்டும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. சிறு வயதிலிருந்து நான் கேட்ட அத்தனை பேரும் ஒரே விஷயத்தைத்தான் பேசினார்கள். அவர் தண்ணீருக்காகத் தாகப்படவில்லை, ஆத்துமாக்களுக்காகத் தாகப்பட்டார் என்று தொடங்குவார்கள். அங்கிருந்து ஆத்தும தாகம், ஜெப தாகம், ஊழிய தாகம் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். நானும் அதையே, ஆனால் இன்னும் நல்ல தமிழில் எழுதினேன். முதல் பெண் பேசுகிறாள் என்று எல்லோரும் காது கொடுப்பார்கள், சொதப்பினால் இன்னும் பல வருடத்துக்கு இன்னொருத்திக்கு வாய்ப்பு வராது என்ற பயம் இருந்தது. திருத்தித் திருத்தி எழுதினேன்.

ஒரு மத்தியானம் அவரை உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டார். உறங்கிவிட்டாரோ என்று ஒரு தடவை தொட்டும் பார்த்தேன்.

முடித்துவிட்டு, "எப்பிடி இருக்கு?" என்றேன்.

"தமிழ் நல்லா இருக்கு."

"அது எனக்குத் தெரியும். விஷயம் எப்பிடி?"

கண்ணைத் திறந்தார். "அவரு வெள்ளந்தான் கேட்டாரு" என்றார்.

"என்னது?"

"ஆத்தும தாகம் எல்லாம் இல்ல. வெள்ளந்தான் கேட்டிருப்பாரு. ரத்தம் அவ்வளவு போனா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிடும். அப்பம் ஆத்துமாவும் ஊழியமும் எல்லாம் ஓர்ம வருமா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "கோயிலுக்குள்ள வந்து ஒரு நாள் ஒழுங்கா இருந்து கேட்டதில்ல. மாமரத்துல சாஞ்சு நின்ன ஆளு எனக்குப் பிரசங்கம் சொல்லித் தாரியளா?" என்றேன். காகிதங்களை மடித்துக்கொண்டு எழுந்தேன். கதவு வரை போனவள் அங்கேயே நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்று இப்போதும் தெரியவில்லை. ஒருவேளை அந்த நாக்கு ஒட்டுகிற விஷயம் காதில் தங்கியிருக்கலாம். திரும்பி வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு எப்பிடி இருக்கும்? தாகம்?" என்று கேட்டேன்.

எத்தனை நாள் அந்த பாட்டிலைப் பார்த்திருக்கிறேன், குழாய்ச் சத்தத்துக்குக் காது கொடுத்திருக்கிறேன். இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டதே இல்லை. கேட்டு என்ன செய்ய? என்னால் தர முடியாத ஒன்றை எதற்குக் கேட்டுக் கிளப்ப வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். சொப்பனத்தில் எல்லாம் தண்ணீர்தான் வருகிறது என்றார். சின்ன வயதில் குதித்துக் குளித்த சானல் கால்வாய், கல்யாண வீடுகளில் நிரப்பி வைக்கிற பெரிய டிரம், மழைக்காலத்தில் ஓட்டிலிருந்து விழுகிற தண்ணீர். அடுத்த வீட்டில் குடம் நிரம்புகிற சத்தம் கேட்டால், நிரம்பி முடிகிறவரை வேறு எதையும் யோசிக்க முடியாது என்றார். "ஜெபம் பண்ணலாம்னு பாப்பேன். ஆண்டவரேன்னு தொடங்கினா அடுத்த வார்த்தை வெள்ளம்னுதான் வருது. அதனால விட்டுருவேன்."

"எனக்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்லியா?"

"சொன்னா தருவியா?"

"தர மாட்டேன்."

"அதான். நீ தரக்கூடாது. தந்தா நான் செத்துப் போவேன். ஆனா கேக்கவே நாணமா இருக்குட்டி. எனக்க வீடு, எனக்க பெண்டாட்டி. ஒரு வாய் வெள்ளம் கேக்க நாணம். அவரு பாரு, கொல்லுகவன் முன்னால, ஊருக்கு முன்னால, நாணம் பாக்காம கேட்டாரு. அதுதான் எனக்குப் பெரிசாத் தோணுது."

அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவருக்கு என் அழுகையைப் பார்க்கக் கஷ்டமாகப் போய், "போய் அந்தக் காகிதத்தைத் திருத்து, பெரிய வெள்ளிக்கு நாள் இல்ல" என்று விரட்டினார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. பாட்டிலின் அளவு அதேதான். நான் ஒரு சொட்டுக்கூட அதிகம் தரவில்லை. ஆனால் நடுவில் போய், "தாகமா இருக்கா?" என்று கேட்கத் தொடங்கினேன். "இருக்கு" என்பார். நான் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். சில சமயம் ஒரு கீற்று எலுமிச்சம்பழம் சப்பக் கொடுப்பேன். சில சமயம் அதுவும் இல்லை. ஒன்றும் செய்ய முடியாமல் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எனக்கு முதலில் மிகவும் கஷ்டமாக இருந்தது. கைக்கு வேலை இல்லாவிட்டால் வாயாவது ஜெபம் செய்ய வேண்டும் எனக்கு. இப்போது வெறுமனே இருக்கப் பழகியிருக்கிறேன். அந்த நேரம் எனக்குப் பிடித்தும் போனது. நாங்கள் இரண்டு பேரும் கல்யாணம் ஆன புதிதில்கூட அப்படிச் சும்மா உட்கார்ந்திருந்ததில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. முந்தின நாள்தான் டயாலிசிஸ் முடிந்திருந்தபடியால் அவர் கொஞ்சம் தெம்பாக இருந்தார். கடையை வேறொருவருக்கு விட்டாயிற்று என்றாலும் வார்ப்பு மட்டும் எங்கள் வீட்டில்தான் இருந்தது. காலையில் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோகும்போது தானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டார். அடுப்பு மூட்டுவது, தூக்குவது, கிண்டுவதெல்லாம் இளவட்டங்கள். இவர் நாற்காலியில் இருந்து வாயால் வேலை பார்த்தார். "தீயைக் குறையிலே, அடி பிடிச்சிரும்" என்கிற அவருடைய சத்தம் உள்ளே நாலாம் வார்த்தை பேசிக்கொண்டிருந்தவரின் உருக்கமான இடத்தில் சரியாக வந்து விழுந்தது.

பிறகு என் முறை. பீடத்தில் ஏறி, காகிதத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முப்பது வருடம் பிள்ளைகள் முன்னால் நின்றது அங்கே ஒரு உதவிக்கும் வரவில்லை. எழுதி வைத்ததை மறந்து, பரவசத்தில் புதிதாகப் பேசினேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். அப்படி இல்லை. திருத்தி எழுதியதைப் பார்த்துத்தான் வாசித்தேன், திருத்தியதில் அது பாதிக்கு மேல் குறைந்துபோயிருந்தது. இயேசுவுக்குத் தாகம் எடுத்தது, அது தண்ணீர்த் தாகம் என்றேன். வழியில் ஒரு கிணற்றைக் கண்டால் எல்லோரும் நின்று குடிப்பதுபோல அவரும் குடித்து வளர்ந்தவர்தான். தன் உடம்புக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்க அவர் கூச்சப்படவில்லை. நாம் அந்த இடத்தில் சீக்கிரமாக ஆத்தும தாகத்துக்குத் தாவிவிடுகிறோம், ஏனென்றால் தண்ணீர்த் தாகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க நமக்குப் பொறுக்கவில்லை. நம்மால் தீர்க்க முடியாத தாகம் உள்ளவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், தாகமாக இருக்கிறதா என்று கேட்கிற அளவுக்காவது நாம் வளர வேண்டும். இவ்வளவுதான் சொன்னேன். என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூச்சத்தை அவரே அவருடைய நேரத்தில் விடட்டும் என்று நினைத்தேன்.

எனக்குக் கொடுத்த நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. நான் இறங்கியபோது பாட்டுக் குழுவினர் புத்தகத்தையே திறந்திருக்கவில்லை. கீபோர்டு வாசிக்கிற பையன் ஏதோ ஒரு கட்டையை அமுக்கி, அது தவறான கட்டையாகி, கூட்டம் ஒரு மாதிரி விழித்துக்கொண்டது. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது முதல் வார்த்தைக்காரர் என்னிடம், "டீச்சர், நல்லா இருந்து. ஆனா ஆவிக்குரிய அர்த்தம் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்" என்றார். நான் முதலில் எழுதியிருந்த காகிதத்தை அவரிடம் கொடுத்திருந்தால் மகிழ்ந்துபோயிருப்பார். "அடுத்த தடவ பாப்போம் அண்ணாச்சி" என்றேன். உண்மையில் எனக்கு வருத்தமாக இல்லை. மனது லேசாக இருந்தது.

வெளியே மாமரத்தடியில் சனம் வரிசையாக உட்கார்ந்திருந்தது. ஸ்டீல் தட்டில் கஞ்சி, ஓரத்தில் பயறு, துவையல். கரண்டி இருந்தாலும் பெரிய வெள்ளிக்கு மட்டும் பிலாவிலை என்கிற பலா இலையைக் கரண்டிபோலக் கோட்டி ஈர்க்கில் குத்திக் கோரிக் குடிப்பதுதான் எங்கள் பழக்கம். காலையிலிருந்து ஒன்றும் குடிக்காதவர்கள் தலையைத் தூக்காமல் உறிஞ்சினார்கள். என் கணவர் அகப்பையோடு வார்ப்புக்குப் பக்கத்தில் எழுந்து நின்று ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றி முடித்ததும், வரிசையில் இருக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் வீட்டில் டீ கொடுத்த அன்றைக்கு நின்ற அதே நிற்பு. அன்றைக்கு அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை, ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று அவர்களைத்தான் பார்த்தேன். இன்றைக்கு முகத்தைப் பார்த்தேன். ஏக்கம் இல்லை அதில். பந்தியில் நன்றாகச் சாப்பிடுகிற விருந்தாளியைப் பார்க்கிற கல்யாண வீட்டுக்காரரின் முகம்.

எனக்கும் தொண்டை காய்ந்துபோயிருந்தது. கஞ்சித் தட்டும் ஒரு தம்ளர் தண்ணீருமாக, வழக்கம்போல அவர் கண்ணில் படாமல், ஓய்வுநாள் பள்ளிக் கட்டிடத்துக்குப் பின்னால் போய் நின்றேன். தம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. வீங்கிய காலை இழுத்துக்கொண்டு அவர் வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு தண்ணீர்ச் செம்பு. நான் சட்டென்று தம்ளரைத் தாழ்த்தினேன்.

"எனக்குத் தெரியும்" என்றார். "கிணத்தங்கரையில போய்க் குடிக்கியதும் தெரியும், அடுக்களையில திரும்பி நிண்ணு குடிக்கியதும் தெரியும். விக்கிட்டே ஓடுவியே, அதும் தெரியும்."

"உங்களுக்குத் தாகம் கூடுமேன்னுதான்."

"கூடாது. யாராவது நல்லா குடிக்கியதக் கண்டா எனக்கக் கொரவளையும் கொஞ்சம் நனைஞ்ச மாதிரி இருக்கும். ஊருல உள்ளவன் எல்லாம் எனக்க முன்னால குடிக்கான். நீ மட்டும் ஒளிக்க."

இத்தனை நாள் ஆண்டவரிடம் ஞாபகப்படுத்தி வைத்த என் தியாகம் இந்த மனுஷனுக்கு ஒரு வாய்க் குளிர்ச்சியைத் தடுத்து வைத்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் என்னால் ஒன்றுமே தர முடியாது என்று நினைத்திருந்த மனுஷன் என்னிடம் ஒன்றைக் கேட்டுவிட்டார். கூச்சப்படாமல் கேட்டுவிட்டார்.

"குடி" என்றார்.

அவரைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். நான் விழுங்கும்போது அவருடைய தொண்டையும் கூடவே ஏறி இறங்கியது. தம்ளர் காலியாயிற்று. அவர் செம்பைச் சாய்த்தார்.

"எனக்குப் போதும்" என்றேன்.

"எனக்குப் போதல்ல" என்று சொல்லி, தம்ளர் நிறைய ஊற்றினார்.